நின்றால் அணையும் வண்டி

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ராசிபுரத்தில் என்னிடம் மருந்து வாங்கிக் குடித்தவர்கள் எல்லோருக்கும் இது தெரியும். எவ்வளவு கசப்பான மருந்தையும் மறுபேச்சில்லாமல் விழுங்கிவிடுவார்கள். எங்கே நான் கத்திவிடுவேனோ என்ற பயம். ஆனால் அந்தக் கோபத்தில் பெரும் பங்கை நான் செலவழித்தது மனிதர்கள் மேல் இல்லை, ஒரு மோட்டார் வண்டியின் மேல்.

யுத்த காலம். நான் எல்.எம்.பி. படித்துவிட்டு, கடைவீதியில் ஒரு நெய் மண்டிக்குப் பக்கத்தில் சின்னதாக டிஸ்பென்சரி வைத்திருந்தேன். அங்கே வெண்ணெய் காய்ச்சும் வாசனையும் என்னுடைய டிங்சர் வாசனையும் கலந்து, வருகிறவர்களுக்குப் பசியும் குமட்டலும் ஒன்றாக எடுக்கும். ஏற்காட்டில் காப்பித் தோட்டம் வைத்திருந்த ஒரு வெள்ளைக்காரர் சீமைக்குத் திரும்பும்போது விற்றுவிட்டுப் போன வண்டியை நான் வாங்கியிருந்தேன். அப்போதே அதற்குப் பத்து வயதுக்கு மேல் இருக்கும். கிராமங்களுக்கு மாட்டு வண்டியில் போய்ச் சேர்வதற்குள் நோயே ஒரு முடிவுக்கு வந்துவிடுகிறது என்பதால்தான் வாங்கினேன், ஜம்பத்துக்காக இல்லை. சரி, கொஞ்சம் ஜம்பமும் உண்டு.

முதல் இரண்டு வருடம் வண்டி ஒழுங்காக இருந்தது. பிறகு அதற்கு ஒரு வியாதி வந்தது. ஓடும்போது ஒரு குறையும் சொல்ல முடியாது. மேடு, பள்ளம், மணல் எதற்கும் சுணங்காது. ஆனால் ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் போதும், நாலு தரம் தடுமாறும், இருமும், பின்னால் கொஞ்சம் கரும்புகையைத் தள்ளும், அணைந்துவிடும். குறுக்கே ஆட்டு மந்தை போனால் அணைந்துவிடும். யாராவது கைகாட்டி நிறுத்தி, டாக்டர் சௌக்கியமா என்று கேட்டால் அணைந்துவிடும். நின்றபடி உயிரோடு இருக்க அதற்குத் தெரியவில்லை.

அணைந்தால் அணையட்டும், மறுபடி கிளப்பிக்கொள்ளலாம் என்று இருக்க முடியாது. யுத்தத்தில் புது பாட்டரி கண்ணில் படவே இல்லை. பழைய பாட்டரி எப்போதோ செத்துவிட்டது. முன்னால் போய் ஹேண்டில் போட்டுச் சுற்ற வேண்டும். காலையில் எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது இரண்டு சுற்றில் கிளம்பும். சூடாக இருக்கும்போது அணைந்துவிட்டதோ, அரை மணி, முக்கால் மணி ஆனாலும் மசியாது. ஒரு நாள் என் கம்பவுண்டர் சுற்றிக்கொண்டிருந்தபோது ஹேண்டில் எதிர்த்து அடித்து அவருடைய வலது மணிக்கட்டு முறிந்துவிட்டது. நானே கட்டுப் போட்டேன். கட்டுப் போடும்போது அவரை நன்றாகத் திட்டினேன். பாவம், எனக்காகச் சுற்றியவர். ஐம்பது வயது மனிதர், டிஸ்பென்சரி திறந்த நாளிலிருந்து என்னோடு இருந்தார், ஒரு சொட்டு மருந்து வீணாக விடமாட்டார்.

அதற்குப் பிறகு ஹேண்டில் போட நான் ஒருவன்தான் மிச்சம். எனக்கோ பயம். வைத்தியனுடைய கை முறிந்தால் யார் கட்டுவது? அதனால் ஒரு வழக்கம் ஏற்பட்டது. நோயாளியின் வீட்டு வாசலில் வண்டியை அணைக்காமலே நிறுத்துவேன். நான் இறங்கியதும் கம்பவுண்டர் கட்டுப் போட்ட கையை மார்போடு அணைத்துக்கொண்டு என் இடத்துக்கு நகர்ந்து, காலால் ஆக்ஸிலேட்டரை அழுத்திக்கொண்டே இருப்பார். நான் பையை எடுத்துக்கொண்டு ஓடுவேன், பார்ப்பேன், மருந்து கொடுப்பேன், ஓடி வருவேன். யுத்தத்துக்காகக் கூப்பனுக்கு அளந்து கொடுத்த பெட்ரோல் வாசலில் எரிந்துகொண்டிருக்கும். ஸ்டெதஸ்கோப்பை நெஞ்சில் வைத்துக் கேட்கும்போதே என் காது பாதி வெளியில் இருக்கும். எஞ்சின் சத்தம் சற்று இறங்கினால் என் நெஞ்சும் கூடவே இறங்கும். அந்த வாரங்களில் நான் எத்தனை பேருடைய மூச்சைச் சரியாகக் கேட்டேன் என்று இப்போது யோசித்துப் பார்க்கக்கூடப் பிடிக்கவில்லை.

வியாதி என்ன என்று கண்டுபிடிக்க நான் முயலாமல் இல்லை. பெட்ரோலில் யாரோ மண்ணெண்ணெய் கலக்கிறார்கள் என்று முதலில் முடிவு கட்டினேன். வேட்டியை நாலாக மடித்து வடிகட்டிப் பார்த்தேன்; வேட்டி கெட்டதுதான் மிச்சம். பிளக்குகளைக் கழற்றினேன். நாலிலும் கரி அப்பிக் கிடந்தது. சுரண்டித் துடைத்துப் போட்டதும் ஒரு நாள் நன்றாக ஓடியது. வெற்றி என்று நினைத்தேன். மறுநாள் பழைய கதை. பெட்ரோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்குக் கொடுக்கும் கார்புரேட்டரின் அடிக்கிண்ணத்தைக் கழற்றி, உள்ளே இருந்த சின்னத் துளைகளை வாயால் ஊதிச் சுத்தம் செய்தேன். வியாதி கூடியதே தவிரக் குறையவில்லை. கடைசியில், வயதாகிவிட்டது, அவ்வளவுதான் என்று சொல்லிவிட்டேன். வயதான நோயாளிகளிடம் எனக்குக் காரணம் பிடிபடாதபோது சொல்லும் அதே வார்த்தை.

சேலத்துக்கும் மல்லசமுத்திரத்துக்கும் நடுவே கரி வண்டி ஓட்டிக்கொண்டிருந்த பஸ் டிரைவர் ஒருவர், தன் பெரியம்மாவுக்கு மருந்து வாங்க வந்தார். பெட்ரோல் பஞ்சத்தில் பஸ்களின் பின்னால் ஓர் உலையைக் கட்டி, மரக்கரியை எரித்து, அந்த வாயுவில் ஓட்டிக்கொண்டிருந்த காலம். மனிதர் தலை முதல் கால் வரை கரியாக இருப்பார். என் வண்டி வாசலில் இருமிக்கொண்டிருந்ததைப் பார்த்துவிட்டுப் பின்பக்கம் போய்க் குனிந்து புகையை முகர்ந்தார். அப்புறம் என்னிடம் வந்து, "ஏனுங்க டாக்டருங்க, இது பட்டினியில சாகலீங்க. தின்னது செரிக்காமச் சாகுதுங்க" என்றார்.

எனக்கு வைத்தியம் சொல்லித்தர வந்துவிட்டார் என்று பொத்துக்கொண்டு வந்தது. உலையில் கரி அள்ளிப் போடுகிறவருக்கு பெட்ரோல் எஞ்சின் பற்றி என்ன தெரியும் என்று கேட்டுவிட்டேன். கூட்டத்துக்கு நடுவில் கேட்டேன். அவர் மருந்தை வாங்கிக்கொண்டு போய்விட்டார். ஒரு நிமிடம் வாயை மூடிக்கொண்டு அந்த மனிதர் சொன்னதைக் காதில் போட்டுக்கொண்டிருந்தால் போதும். அந்த ஒரு நிமிடத்தை நான் பல வருடங்களாகத் திரும்பக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

அடுத்த வாரம் மல்லசமுத்திரம் போகும் வழியில் இருந்த ஒரு சின்ன ஊரிலிருந்து ஆள் வந்தது. நெசவாளர்கள் பத்திருபது வீடு இருக்கும் ஊர். ஒரு நெசவாளியின் மூத்த பெண் குழந்தைக்குக் காய்ச்சல். பிற்பகல் மூன்று மணி இருக்கும், போனோம். வழக்கம்போல வண்டியை வாசலில் ஓடவிட்டு, கம்பவுண்டரை அழுத்தச் சொல்லிவிட்டு இறங்கினேன். அன்று அது வழக்கத்தைவிட மோசமாக இருந்தது. அழுத்தினால்கூடத் தடுமாறிற்று.

குழந்தையின் அப்பா தறிக்குழியிலிருந்து எழுந்து வந்தார். என்னைவிட நாலைந்து வயது இளையவர், ஒல்லியான மனிதர். குழந்தைக்கு நாலு வயது. அம்மாவின் மடியில் சுருண்டு கிடந்தது. தொட்டுப் பார்த்தேன், பெரிய காய்ச்சல் இல்லை. கழுத்து நோகிறது என்று சொல்கிறதாம், கஞ்சி குடிக்க மாட்டேன் என்கிறதாம். தொண்டையைப் பார்க்க வேண்டும் என்று சொல்லிக் கரண்டி கேட்டேன். அம்மா, "வாயத் தொற கண்ணு, டாக்டரு பாக்கோணும்" என்று கெஞ்சினாள். குழந்தை பல்லைக் கடித்துக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது.

பிடிவாதம் பிடிக்காத குழந்தை எங்கே இருக்கிறது? மூக்கைப் பிடித்தால் வாயைத் திறக்கும். அல்லது இரண்டு பேர் பிடித்துக்கொண்டால் கரண்டியை நுழைத்துவிடலாம். நான் ஆயிரம் தடவை செய்த காரியம், ஐந்து நிமிட வேலை. அந்தச் சமயத்தில் வெளியே எஞ்சின் தடுமாறியது. ஒருமுறை இருமியது. கம்பவுண்டர் பதறிப்போய், அணையப் பார்க்கிறது என்று குரல் கொடுத்தார். இங்கே அணைந்தால் பொழுது சாயும் வரை நான் அந்த வெயிலில் ஹேண்டிலோடு மல்லுக்கட்ட வேண்டும். டிஸ்பென்சரியில் முப்பது பேர் காத்திருப்பார்கள். கரண்டியைக் கீழே வைத்துவிட்டேன். வெறும் தொண்டைக் கட்டுதான், காய்ச்சல் மருந்து தருகிறேன், உப்புத் தண்ணீர் கொப்பளிக்கச் சொல்லுங்கள், நாளை மறுநாள் வந்து பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டு ஓடினேன். அப்பா வாசல் வரை ஓடி வந்து கும்பிட்டார். வண்டியை எடுத்ததும் அது ஒன்றுமே நடக்காதது போல ஓடியது. பிழைத்தோம் என்று கம்பவுண்டரிடம் சொன்னேன்.

நாளை மறுநாள் நான் போக வேண்டியிருக்கவில்லை. அன்று காலை ஏழு மணிக்கு அந்த மனிதரே வந்து நின்றார். இருட்டோடு கிளம்பி நடந்து வந்திருக்கிறார். குழந்தையால் மூச்சு விட முடியவில்லை என்றார். சட்டையை மாட்டிக்கொண்டே ஓடினேன். காலை நேரம், எஞ்சின் குளிர்ந்திருந்தது, இரண்டு சுற்றில் கிளம்பியது. அவரை ஏற்றிக்கொண்டு பறந்தோம்.

அந்த வீட்டுக்குள் நுழையும்போதே சத்தம் கேட்டது. ஒவ்வொரு மூச்சுக்கும் ஈரமான துணியைக் கிழிப்பது போல ஒரு சத்தம். கழுத்து இரண்டு பக்கமும் வீங்கியிருந்தது. இந்தத் தடவை குழந்தை பல்லைக் கடிக்கவில்லை; கடிக்க அதற்குத் தெம்பில்லை. டார்ச்சை அடித்துப் பார்த்தேன். உள்நாக்கைச் சுற்றிச் சாம்பல் நிறத்தில் ஒரு தோல் படர்ந்து, மூச்சு போகும் வழியைப் பாதிக்கு மேல் அடைத்திருந்தது. தொண்டை அடைப்பான். இரண்டு நாள் முன்னால் அது ஒரு வெள்ளைப் புள்ளியாக, நகக்கண் அளவுக்கு இருந்திருக்கும். நான் பார்த்திருந்தால் எனக்குத் தெரியாமல் போயிருக்காது.

அதற்கு ஒரே மருந்து சீரம் ஊசி. என்னிடம் இல்லை, சேலம் பெரிய ஆஸ்பத்திரியில்தான் இருக்கும். தொண்டையில் துளை போட்டு மூச்சுக்கு வழி செய்வதை மாணவனாக இருந்தபோது ஒரு தடவை தள்ளி நின்று பார்த்திருக்கிறேன். என் பையில் கத்தி இருந்தது, அதற்கான குழாய் இல்லை. குழாய் இருந்திருந்தாலும் எனக்குத் துணிச்சல் இருந்திருக்குமா என்று தெரியவில்லை. குழந்தையை அம்மாவின் மடியில் வைத்துப் பின்னால் ஏற்றினேன். அப்பா பக்கத்தில். கம்பவுண்டர் முன்னால். அவர்களுடைய இன்னொரு குழந்தையை, கைக்குழந்தையை, பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு வந்தார்கள்.

வண்டி நிற்காதவரை எனக்குப் பயமில்லை. ஆட்டையாம்பட்டி வழியாகச் சேலம். காலை எடுக்காமல் அழுத்திக்கொண்டே போனேன். மாடு குறுக்கே வந்தால் ஹாரன் அடித்தேன், நிறுத்தவில்லை. கோழி ஒன்று அடிபட்டது என்று நினைக்கிறேன். பின்னால் அந்த மூச்சுச் சத்தம், முன்னால் எஞ்சின் சத்தம். எது நின்றாலும் எல்லாம் நின்றுவிடும். கும்பிடாத தெய்வங்களை எல்லாம் கும்பிட்டுக்கொண்டு ஓட்டினேன். எனக்குச் சாமி நம்பிக்கை குறைவு, அன்றைக்கு இருந்தது.

வழியில் ஓர் ஊரில் சந்தை. அன்றைக்குச் சந்தை நாள் என்பது என் நினைவில் இல்லை. இருந்திருந்தாலும் வேறு வழி கிடையாது. கடலை மூட்டை ஏற்றிய வண்டிகள் சாலையை அடைத்துக்கொண்டு நின்றன. ஒரு வண்டியின் அச்சு முறிந்து நட்ட நடுவில் சாய்ந்து கிடந்தது. கால் ஆக்ஸிலேட்டரில், கை ஹாரனில். எஞ்சினை உறுமவிட்டுக்கொண்டே நின்றேன். வண்டிக்காரர்கள் மாடுகளை ஒதுக்கப் பார்த்தார்கள். என் எஞ்சின் சத்தத்தில் மாடுகள் மிரண்டு இன்னும் குறுக்கே திரும்பின. யாரோ சத்தத்தைக் குறைக்கச் சொல்லிக் கத்தினார். ஒரு காளை கயிற்றை அறுத்துக்கொண்டு எங்கள் பக்கம் திரும்பியபோது, என்னை அறியாமல் என் கால் ஒரு நொடி மேலே எழும்பிவிட்டது. அவ்வளவுதான், இருமிவிட்டு அணைந்தது.

இறங்கி ஹேண்டிலைப் போட்டேன். என் கை முறிந்தால் முறியட்டும். சுற்றினேன், சுற்றினேன். உள்ளங்கையில் தோல் உரிந்தது. பெட்ரோல் வாசனை குப்பென்று வந்ததே தவிர ஒரு வெடிச் சத்தம் இல்லை. கூட்டம் கூடியது. தள்ளிப் பார்க்கலாம் என்றார்கள், தள்ளினார்கள், சாய்ந்த வண்டி வரை தள்ளினார்கள், அதற்கு மேல் இடமில்லை. ஒருவர் திருஷ்டி என்றார். இன்னொருவர் எலுமிச்சம்பழம் வாங்கிவர ஓடினார். நான் வைத்தியன் என்று தெரிந்ததும் ஒரு கிழவி தன் முழங்காலைக் காட்டி மருந்து கேட்டாள். எல்லோரும் உதவத்தான் வந்தார்கள். எனக்கு அவர்கள் எல்லோரையும் அடிக்க வேண்டும் போல இருந்தது. ஆனால் அன்று என்னால் கத்த முடியவில்லை. குழந்தையின் அப்பா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். ஏதாவது செய்வேன் என்று நம்பிக்கொண்டிருந்த பார்வை. நான் கையில் ஹேண்டிலோடு நின்றேன்.

முக்கால் மணி நேரம் போயிருக்கும். அதற்குள் அச்சு முறிந்த வண்டியை ஓரம் கட்டினார்கள். கரி வண்டி வந்தது. அதே டிரைவர். என்னைப் பார்த்தார், பின்சீட்டைப் பார்த்தார். முன் வரிசையில் இருந்தவர்களை எழுப்பிவிட்டு, எங்களை ஏறச் சொன்னார். வண்டியைப் பார்த்துக்கொள்ளக் கம்பவுண்டரை அங்கேயே விட்டுவிட்டு நானும் ஏறினேன். கரி வண்டிக்கு வேகம் கிடையாது. ஏற்றத்தில் மாட்டு வண்டி எங்களைத் தாண்டிப் போயிற்று. நடுவில் ஒரு தடவை நிறுத்தி உலையைக் கிளறிவிட வேண்டியிருந்தது. குழந்தையின் உதடு நீலம் பூத்தது. அதன் தலையை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு, மூச்சு விடு, மூச்சு விடு என்று சொல்லிக்கொண்டே போனேன். வைத்தியம் என்று அன்று நான் செய்தது அவ்வளவுதான்.

உயிரோடு கொண்டு சேர்த்தோம். ஊசி போட்டார்கள், துளை போட்டுக் குழாய் வைத்தார்கள், மூச்சு சீராயிற்று. குழந்தை தூங்கியது. அப்பா என் காலைத் தொட வந்தார், நான் விலகிக்கொண்டேன். அங்கிருந்த பெரிய டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, எத்தனை நாளாகக் காய்ச்சல் என்று கேட்டார். சொன்னேன். முன்னால் யாராவது பார்த்தார்களா என்று கேட்டார். நான் பார்த்தேன் என்றேன். அவர் அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

ஊசி தாமதமானால் தொண்டை தெளிந்த பிறகும் அந்த நோயின் விஷம் இருதயத்தில் தங்கிவிடும். எனக்குப் படிப்பில் தெரியும். நாலாம் நாள் காலையில் குழந்தை எழுந்து உட்கார்ந்து, கையைக் காட்டிக் கஞ்சி கேட்டதாம். கிண்ணத்தை எடுத்துவர அம்மா திரும்பியிருக்கிறாள், அதற்குள் சாய்ந்துவிட்டது. நான் அப்போது ராசிபுரத்தில் யாருக்கோ சொறிக்குக் களிம்பு எழுதிக்கொண்டிருந்தேன். தகவல் மறுநாள்தான் வந்தது.

வண்டியைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். ஆஸ்பத்திரியில் விட்டுவிட்டுத் திரும்பிய அன்று பிற்பகல், சந்தை நடந்த ஊரில் அந்த டிரைவர் பஸ்ஸை நிறுத்திவிட்டு என் வண்டியின் மூடியைத் திறந்தார். நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. அவர் முதலில் கேட்டது, "எப்ப இருந்துங்க இப்பிடி?" என்பதுதான். நோயாளி வந்து உட்கார்ந்ததும் நான் கேட்கிற முதல் கேள்வி அது. இத்தனை மாதத்தில் வண்டியைப் பற்றி நான் அதைக் கேட்டுக்கொள்ளவே இல்லை. யோசித்துப் பார்த்தேன். பெட்ரோல் கூப்பனைக் குறைத்த மாதத்திலிருந்து என்று கம்பவுண்டர் பதில் சொன்னார்.

டிரைவர் கார்புரேட்டரின் வெளிப்பக்கத்தை விரலால் தடவிக்கொண்டே போனார். ஓரிடத்தில் விரல் நின்றது. துணியால் கரியைத் துடைத்தார். உள்ளே சிவப்பாக ஒரு பொட்டு. ஊசியால் குத்தினார், பொடிந்து விழுந்தது. அரக்கு. அதற்குக் கீழே ஒரு சின்னத் துளை. கால் எடுத்து மெதுவாக ஓடும்போது எஞ்சின் காற்று இழுக்கும் வழி அது என்றார். அந்த வழி அடைபட்டுப் போனதால் காற்று இல்லாமல் பெட்ரோலை மட்டும் குடித்துக் குடித்துத் திணறிச் செத்துக்கொண்டிருந்திருக்கிறது.

கம்பவுண்டரின் முகம் வெளுத்துவிட்டது. "பெட்ரோல் வாசம் அதுல வந்துட்டே இருந்துச்சுங்க. ஸ்பிரிட்டு மாதிரிப் பறந்து போயிருமேன்னு, நாந்தானுங்க அடைச்சேன்" என்றார்.

எங்கள் டிஸ்பென்சரியில் ஸ்பிரிட்டு, ஈதர், டிங்சர் எந்தப் புட்டியாக இருந்தாலும் தக்கை போட்டு அதன் மேல் அரக்கை உருக்கிச் சொட்டுவிட்டு மூடி வைப்போம். இல்லாவிட்டால் இந்தச் சேலத்து வெயிலில் ஒரு வாரத்தில் பாதி புட்டி காணாமல் போய்விடும். மருந்து கிடைக்காத காலம். ஒரு தடவை அவர் அரக்கு வைக்க மறந்து ஒரு புட்டி ஈதர் ஆவியாகப் போனதற்காக, நாலு பேர் முன்னால் நான் அவரைத் திட்டித் தீர்த்திருக்கிறேன். அதிலிருந்து மனிதர் எந்தத் துளையைக் கண்டாலும் விடுவதில்லை. அவர் மேல் பாய்வதற்காகத் திரும்பினேன். கட்டுப் போட்ட கையோடு நின்றுகொண்டிருந்தார். அவர் கையில் அரக்குக் குச்சியைக் கொடுத்தது நான்தான்.

டிரைவர் ஹேண்டிலைப் போட்டார். முதல் சுற்றில் கிளம்பியது. யாரும் எதையும் அழுத்தவில்லை. அது பாட்டுக்கு நின்ற இடத்தில், சீராக, மெதுவாக ஓடிக்கொண்டிருந்தது. எனக்கு அதைப் பார்க்கவே சகிக்கவில்லை. டிரைவரிடம் நான் மன்னிப்புக் கேட்டேன். அவர், அதுக்கென்னங்க, புள்ள பொழச்சுக்கிட்டாச் சரி என்றார். அன்று குழந்தை உயிரோடு இருந்தது.

பிறகு ஒரு மாதம் இருக்கும். டிஸ்பென்சரியில் கூட்டம். அந்த நெசவாளி வந்து வரிசையில் உட்கார்ந்திருந்தார். மடியில் அவருடைய இளைய குழந்தை, பையன், ஒன்றரை வயது. சளியும் காய்ச்சலும். இவ்வளவு தூரம் நடந்து என்னிடமே வந்திருந்தார். வரிசையை மீறி உடனே கூப்பிடலாமா என்று நினைத்தேன், கூப்பிடவில்லை. அவரிடம் சொல்ல வேண்டியதை எல்லாம் நான் பல நாள் மனத்துக்குள் சொல்லிப் பார்த்திருந்தேன். அன்று நான் கரண்டியைக் கீழே வைத்தேன், வண்டி அணைந்துவிடுமே என்று வைத்தேன். இரண்டே வாக்கியம். அவர் என்னை அடித்தாலும் வாங்கிக்கொள்வது என்று இருந்தேன்.

அவர் முறை வந்தது. குழந்தையை மேஜையில் உட்கார வைத்தார். பின்னால் நின்றுகொண்டிருந்த ஒரு பெண் தன் பக்கத்தில் இருந்தவளிடம், இந்த டாக்டர் நன்றாகத்தான் பார்ப்பார், ஆனால் வள்ளென்று விழுவார் என்று மெதுவாகச் சொன்னது எங்கள் எல்லோருக்கும் கேட்டது. நெசவாளி திரும்பினார். சாதுவான மனிதர், அவர் குரல் உயர்ந்து நான் அன்றுதான் கேட்டேன்.

"அப்பிடிச் சொல்லாதீங்க அம்மிணி. என்ற மூத்த புள்ளைக்குப் பாக்க வந்தப்ப, வாசல்ல வண்டியக்கூட அணைக்காம உள்ளார ஓடியாந்தாருங்க. எந்தப் பெரிய மனுசன் நம்ம ஊட்டுக்கு அப்பிடி ஓடியாருவான்? எங்க நேரம், கைதவறிப் போச்சு. அவரு ஒண்ணும் கொறை வெக்கலீங்க" என்றார்.

அறையில் இருந்தவர்கள் என்னை மரியாதையோடு பார்த்தார்கள். கம்பவுண்டர் மருந்து கலக்குவதை நிறுத்திவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். சொல்ல வேண்டும் என்று வைத்திருந்த இரண்டு வாக்கியமும் என் வாயில் இருந்தன. சொன்னால் என் மனம் ஆறும். அவருக்கு மிச்சம் இருந்த அந்த ஒரு நம்பிக்கையும் போய்விடும். அப்படித்தான் எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். உண்மையில் எனக்கு அவ்வளவு தைரியம் இல்லை.

கரண்டியை எடுத்தேன். பையனின் வாயைத் திறந்து டார்ச்சை அடித்தேன். தொண்டை சுத்தமாக இருந்தது. ஒரு புள்ளி இல்லை. அது முதல் பார்வையிலேயே தெரிந்துவிட்டது. அவர் என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். நான் நிமிராமல் அந்தக் குழந்தையின் தொண்டைக்குள்ளேயே வெகு நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.